விரல் கொப்பியின் முதல் பக்கம்

தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

நேற்று உங்கள் வட்ஸ்அப் குழுவில் ஒருவர் போட்ட மெசேஜ் சுற்றிச் சுற்றி என்னிடமும் வந்தது. பெயரைச் சொல்லி மானத்தை வாங்க மாட்டேன்.

"அண்ணா, உந்த விரல் கொப்பியை ஆர் தொடக்கினது? கட்டுப் போட்ட ஆக்கள் எல்லாற்றை கால்விரலையும் மணிக்கொருக்காத் தூக்கிப் பாத்து எழுத எங்களுக்கென்ன விசரே? ஒரு புத்தகத்திலயும் இப்பிடி ஒரு கொப்பி இல்லை."

கீழே ஏழு சிரிப்பு முகங்கள். அதற்கும் கீழே, போகிற போக்கில் அதே ஆள் போட்ட இன்னொரு வரி.

"வியாழக்கிழமை கிளினிக்குக்கு ஒரு பொய்க்கால் அம்மா வந்தவா. பழைய கொப்பியை வாங்கி முதல் பக்கத்தைப் பாத்திட்டு, தனியச் சிரிச்சுக்கொண்டு போறா. ஆர் அண்ணா அவா?"

கொப்பி தொடங்கக் காரணம் நான்தான். அந்த அம்மா யார் என்றும் தெரியும். இங்கே, இங்கிலாந்தின் வடக்கில் ஒரு மழை ஊரில், மதியச் சாப்பாட்டுக்கு முக்கால் மணித்தியாலம் தருவார்கள். ஒரு கையில் சாண்ட்விச், மற்றக் கையில் போன். விறுவிறு என்று தட்டுகிறேன், பிழை இருந்தால் நீங்களே திருத்தி வாசியுங்கள்.

அந்த வன்னி ஆஸ்பத்திரியில் எலும்புச் சத்திரசிகிச்சை படிக்க வந்தவர்களில் நீங்கள் இரண்டாவது அணி. உங்களுக்கு முன்னால் நாங்கள் மூன்று பேர். எங்களுக்கு முன்னால் சுவர்தான். வேறு ஆஸ்பத்திரிகளில் எலும்புச் சத்திரசிகிச்சை படிக்கப் போகிறவனுக்கு மேலே ஒரு அண்ணன் இருப்பான், அவனுக்கு மேலே ஒரு அக்கா இருப்பா. எதைத் தொடலாம், எந்த நேர்ஸ் மிஸ்ஸிடம் வாய் காட்டக்கூடாது, எப்போது பயப்பட வேண்டும் என்று சொல்லித் தர ஆள் இருக்கும். எங்களுக்கு இருந்தது எலும்புச் சத்திரசிகிச்சை நிபுணரான மேடம் ஒருவர்தான். பிளாஸ்ரர் அறை என்று தந்தது அதுவரை நுளம்புவலை அடுக்கி வைத்திருந்த அறை. சத்திரசிகிச்சையின்போது எலும்பைத் திரையில் காட்டும் எக்ஸ்ரே மெஷின் வந்து இறங்கிய அன்று, அது தியேட்டர் கதவுக்குள் போகவில்லை. மேசனைக் கூப்பிட்டுக் கதவு நிலையையே உடைத்தோம். பயிற்சித் திட்டத்தின் திறப்பு விழாவே ஒரு உடைப்புத்தான் என்று சிரித்தோம். குவார்ட்டர்ஸ் கூரையில் மயில்கள் ஏறி நின்று கத்தும், தகரம் அதிரும். நான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கல்லெறிவேன். இப்போது அந்த மயில் சத்தம் என் போனில் இருக்கிறது. யாரோ அனுப்பிய வொய்ஸ் மெசேஜின் பின்னால் தற்செயலாகப் பதிந்தது. அதை நான் அழிக்கவில்லை.

சரி, கதைக்கு வருகிறேன்.

எங்களுக்கு முதல், வன்னியில் பெரிய எலும்பு முறிந்தால் யாழ்ப்பாணம்தான். சனம் அதற்கு நன்றாகப் பழகியிருந்தது. நாங்கள் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்க்க முதலே சொந்தக்காரர் பிளாஸ்க், பெட்ஷீட், பிளாஸ்டிக் வாளி எல்லாம் கட்டி வைத்துக்கொண்டு, "டொக்டர், எத்தினை மணிக்கு அம்புலன்ஸ்?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி எங்களுக்குப் பச்சை மிளகாய். நாங்கள் இங்கே எதற்கு இருக்கிறோம்? ஒவ்வொருவரையும் மறித்து வைப்பதே எங்களுக்கு ஒரு வெற்றி. அதிலே நான்தான் முதல் ஆள்.

அப்படி ஒரு காலையில் வந்தவர்தான் நீங்கள் கேட்ட அந்த அம்மா. ஊர் தர்மபுரம். தன் அண்ணனின் மோட்டார்சைக்கிளில் பின்னால், மடியில் விதைக் கச்சான் மூட்டையோடு வந்திருக்கிறார். மாடு குறுக்கே பாய்ந்து, மோட்டார்சைக்கிள் சரிந்து, வலது கால் அதற்குக் கீழே போய்விட்டது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு, தோல் கிழியவில்லை. நாற்பது வயது இருக்கும். பெற்றோர் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்து வன்னியில் காடு வெட்டிக் குடியேறியவர்கள். பேச்சில் இன்னும் கொஞ்சம் மலைவாசம் இருந்தது. வந்து அரை மணித்தியாலத்துக்குள் வார்டில் எல்லாருக்கும் நிலக்கடலை நடுகையைப் பற்றி வகுப்பெடுத்துவிட்டார். அன்றிலிருந்து எங்களுக்கு அவர் கச்சான் அக்கா.

இடது கால் முழங்காலுக்குக் கீழே முதலே இல்லை. பொய்க்கால். அதைக் கழற்றி, செருப்போடு கட்டில் ஓரத்தில் சாத்தி வைத்திருந்தார்.

அண்ணன் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"டொக்டர், யாழ்ப்பாணம் அனுப்பிருங்களேன். தங்கச்சிக்கு இருக்கிறது இந்த ஒரு கால்தான்."

நான் நெஞ்சை நிமிர்த்தினேன். "அண்ணை, அந்தக் காலம் போட்டுது. இப்ப இஞ்சயே எல்லாம் செய்யிறம். நாளைக்குக் காலமை உள்ளுக்க கம்பி போட்டு, நாளையிண்டைக்கு எழுப்பி நடத்திக் காட்டுறன்."

உண்மையைச் சொல்கிறேன். அந்தக் கம்பியை முதல் முறையாக நானே போடலாம் என்று மேடம் சொல்லியிருந்தார். மேடம் பக்கத்தில் நிற்பார், கத்தி என் கையில். அந்த ஆசையும் என் நெஞ்சை நிமிர்த்தியது.

கட்டிலில் இருந்து கச்சான் அக்கா குரல் கொடுத்தார். "டொக்டர், மயக்கம் குடுத்தப்புறம் ஆள் மாறாட்டம் பண்ணிப் பொய்க்கால்ல கம்பி போட்றாதீங்க!"

வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன். காலைச் சுற்றிக் கட்டுப் போட்டேன், நாளைய பட்டியலில் பெயரை எழுதினேன், கிளினிக்குக்குப் போனேன்.

பன்னிரண்டு மணிக்கு வந்து எட்டிப் பார்த்தேன். வார்ட் மிஸ் சொன்னார், "டொக்டர், வலி பத்துக்கு எத்தினை எண்டு கேட்டனான். ரெண்டாம். ஊசியும் வேண்டாமாம்." நான் பாதத்தில் நாடியை மட்டும் தொட்டுப் பார்த்தேன். துடித்தது. "கெட்டிக்கார அக்கா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

உங்களுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆனாலும் ஒருமுறை சொல்கிறேன். முறிந்த காலுக்குள் தசை வீங்கும். அதைச் சுற்றியிருக்கும் உறை விரியாது. உள்ளே அழுத்தம் ஏறி ஏறி இரத்தம் போவது நிற்கும். சில மணித்தியாலங்களில் தசை செத்துவிடும், பிறகு காலை எடுக்க வேண்டியும் வரலாம். நாடி கடைசி வரைக்கும் துடித்துக்கொண்டுதான் இருக்கும், அதை நம்பினால் ஏமாந்தோம். நேரத்தோடு காட்டித் தருவது ஒன்றுதான், முறிவுக்குப் பொருந்தாத வலி. அந்த வலியைச் சொல்ல வேண்டியவர் ரெண்டு என்கிறார். நான் அந்த ரெண்டை அப்படியே நம்பினேன்.

நாலு மணி. பார்வையாளர் நேரம், வார்ட் முழுக்கச் சனம். நான் எதற்கோ குறுக்கே போனேன். பக்கத்துக் கட்டிலில் தண்ணீரூற்று என்ற ஊரிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் உம்மா, கணுக்கால் முறிந்து படுத்திருந்தவர், என் கையைப் பிடித்து இழுத்தார். புடவைக்கடை நடத்துகிறவர், ஆளை எடைபோடத் தெரிந்தவர்.

"டொக்டர் மகன், இஞ்ச ஒருக்கா வாங்க. இவ காலையில இருந்து வாய் ஓயாமக் கதைச்சவ. ஒரு மணிக்குப் பிறகு என்னோட ஒரு கதையுமில்ல. பேரீச்சம்பழம் நீட்டினன், அதுக்கும் ஒண்டும் சொல்லல்ல."

"உம்மா, ரெண்டுதான் எண்டு அவாவே சொல்லுறா."

"அவ சொல்லுவா. நீங்க அவட கையப் பாருங்க."

பார்த்தேன். கச்சான் அக்கா கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தபடி கிடந்தார். ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்கி, பொய்க்காலின் பட்டியைப் பிடித்திருந்தது. பிடித்த பிடியில் விரல் முட்டிகள் வெளுத்திருந்தன.

"அக்கா, வலி எத்தினை?"

"ரெண்டுதான் டொக்டர்."

நான் குனிந்து வலது கால் பெருவிரலைப் பிடித்து மெல்ல மேலே தூக்கினேன். ஒரு பூவைத் தூக்குகிற அளவுதான். அவர் கத்தவில்லை. கண்ணை மூடினார். கட்டில் முழுக்க ஒருமுறை அதிர்ந்தது.

"ரெண்டரை" என்றார்.

கட்டுக்குள் கால் இறுகிக்கொண்டிருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

இனி வருகிற இருபது நிமிடத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். ஒன்று, தியேட்டரில் சிசேரியன் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. மயக்க மருந்து டொக்டர் இருபது நிமிடம் என்றார். இரண்டு, மேடம் முல்லைத்தீவுப் பக்கம் கிளினிக்குக்குப் போயிருந்தார், வந்து சேர ஒரு மணித்தியாலத்துக்கு மேல். மூன்று, வாசலில் யாழ்ப்பாணம் போக ஒரு அம்புலன்ஸ் வேறொரு நோயாளியோடு நின்றது. சாரதி வார்ட் வாசலில் வந்து நின்று, "டொக்டர், ஒராளுக்கு இடமிருக்கு. ஏத்துறதெண்டா இப்ப சொல்லுங்கோ" என்றார்.

அந்த அம்புலன்ஸ் எனக்கு எவ்வளவு அழகாகத் தெரிந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். காலை முழுக்க நான் எதிரியாகப் பார்த்த வாகனம். ஒரு கடிதம் எழுதி ஏற்றிவிட்டால் முடிந்தது. கால் போனாலும் அது வழியில் போன கால். என் வார்டில் போன கால் இல்லை. குடும்பமே அதைத்தான் கேட்டது. ஒருவரும் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள்.

அண்ணன் பிளாஸ்க்கோடு பக்கத்தில் வந்து நின்றார். சத்தம் போடவில்லை. "காலையிலயே கேட்டேன்தானே டொக்டர்" என்றார், அவ்வளவுதான். அதைவிடக் கன்னத்தில் அறைந்திருக்கலாம்.

நான் மேடத்துக்குப் போன் அடித்தேன்.

"மேடம், பிழை விட்டிட்டன்."

"பிழையைப் பிறகு சொல்லு. என்ன காண்கிறாய் எண்டு சொல்லு."

சொன்னேன்.

"கடைசியா எத்தினை மணிக்குப் பாத்தனீ?"

"பன்னிரண்டுக்கு. நாடி மட்டும்."

 அந்தப் பக்கம் கார்க் கதவு சாத்துகிற சத்தம்.

"கட்டு முழுக்க வெட்டித் திற, தோல் தெரியுமட்டும். சிசேரியன் முடிஞ்ச கையோட தியேட்டருக்கு ஏத்து. நான் வரமட்டும் பாத்துக்கொண்டிராதை. எனக்கு ஒரு மணித்தியாலம் வேணும், அந்தக் காலுக்கு அது இல்லை."

"அம்புலன்ஸ் ஒண்டு வாசல்ல நிக்குது மேடம்."

"அது ஆருக்கு? அவாவுக்கோ, உனக்கோ?"



"நான் இதைத் தனியச் செய்யேல்லை மேடம், இதுவரைக்கும்."

"எல்லாரும் ஒருநாள் முதல்தரம் தனியத்தான் செய்யிறது. போனை ஸ்பீக்கர்ல போட்டு வை, நான் வந்துகொண்டே இருக்கிறன். ஏசுறதை நாளைக்கு ஏசுறன். கத்தியை இண்டைக்கு எடு."

நான் கட்டை வெட்டித் திறந்தேன். திறக்கத் திறக்கக் கச்சான் அக்காவிடம் சொன்னேன். எந்தப் புத்தகத்திலும் இல்லாத தமிழில் சொன்னேன்.

"அக்கா, நான் பிழை விட்டிட்டன். மத்தியானமே விளங்கியிருக்க வேணும். காலுக்குள்ள இறுகுது. இப்ப ரெண்டு பக்கமும் நீளத்துக்கு வெட்டித் திறக்கோணும். மேடம் இன்னும் வரேல்லை, நான்தான் செய்யோணும். யாழ்ப்பாணம் போறதெண்டாப் போகலாம். ஆனா நேரம் போயிடும்."

"கால் இருக்குமா?"

"இப்ப திறந்தா இருக்கும் எண்டு நினைக்கிறன். சத்தியம் பண்ண ஏலாது."

அவர் என்னைப் பார்த்தார், பிறகு அண்ணனைப் பார்த்தார்.

"எங்கயும் போகல. இவரே வெட்டட்டும். பிழைன்னு சொல்ற வாய் இருக்குல்ல." பிறகு பொய்க்காலைத் தூக்கி அண்ணனிடம் நீட்டினார். "இத நீ பத்திரமா வச்சிரு, ஆஸ்பத்திரியில தொலைஞ்சிரும்." என் பக்கம் திரும்பினார். "மத்தது உங்க பொறுப்பு டொக்டர்."

தியேட்டருக்குள் நடந்ததை எழுத மாட்டேன், அது புத்தகத்தில் இருக்கிறது. திறந்தவுடன் தசை நாவற்பழ நிறத்தில் பிதுங்கி வந்தது.  ஸ்பீக்கரில் மேடத்தின் கார் ஓடுகிற சத்தம் மட்டும். எங்கேயோ மாட்டுக்கு ஹோர்ன் அடித்தார். நான் ஈரத்துணியைப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். பிறகு ஒரு ஓரத்தில் இருந்து சிவப்பு வரத் தொடங்கியது. மெல்ல மெல்ல, வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்டது போல. "மேடம், சிவக்குது" என்றேன். "எவ்வளவு?" என்றார். "முன்பக்கம் கொஞ்சம் சந்தேகம். மற்றதெல்லாம் சிவக்குது." மறுபக்கம் பெருமூச்சு கேட்டது. மேடம் வந்து சேர்ந்து, பார்த்து, "முன்பக்கம் பெருவிரலைத் தூக்கிற தசை. பாப்பம்" என்றார். முறிந்த எலும்பை வெளியே இருந்து கம்பியால் பிடித்துவிட்டு, காயத்தைத் திறந்தபடி கட்டினோம்.

கால் தப்பி நின்றது. இரண்டாம் நாள் நாலு விரல் அசைந்தது. பெருவிரல் அசையவில்லை.

மூன்றாம் நாள்தான் எனக்குக் கேட்கத் துணிவு வந்தது. "அக்கா, அவ்வளவு வலியோட ஏன் ரெண்டு எண்டனீங்கள்?"

அவர் உம்மா கொடுத்த பேரீச்சம்பழத்தைச் சப்பிக்கொண்டு, கச்சான் விலையைச் சொல்வது போலச் சொன்னார்.

"பத்துன்னா எதுன்னு கேட்டேன். மிஸ் சொன்னாங்க, உங்க வாழ்க்கையில வந்த ஆகப் பெரிய வலிதான் பத்துன்னு. அது முள்ளிவாய்க்கால்ல இந்தக் கால எடுத்தப்ப. மருந்தில்லாம, பங்கருக்குள்ள. அதுக்குப் பக்கத்துல இத எங்க டொக்டர் வைக்கிறது? ஒண்டுதான் சொல்ல வந்தேன். நீங்க படிச்ச பிள்ளை, ஓடி ஓடிப் பாக்கிறீங்க, ஒண்டுன்னா மனசு நோகுமேன்னு ரெண்டு சொன்னேன்."

உம்மா மற்றப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் எக்ஸ்ரே பார்ப்பதாகச் சொல்லிவிட்டு வெளியே போய், மேசன் உடைத்த கதவு நிலைக்குப் பக்கத்தில் நின்றேன்.

இப்போது விளங்குகிறதா? புத்தகம் எழுதியவருக்குப் பத்து வெறுமையாக இருந்தது. எங்கள் சனத்துக்கு அந்த இடத்தில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. நீங்கள் கேட்கிற நம்பர் எல்லாம் அதற்குக் கீழேதான் வரும்.

மேடம் ஏசவில்லை. நான் ஒவ்வொரு காலையும் எதிர்பார்த்துக்கொண்டு போவேன். நாலாம் நாள் அவர் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கொண்டுபோகும் கொப்பி ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"நம்பரைக் கேக்க வேண்டாம் எண்டு சொல்லேல்லை. கேள். கேட்டிட்டு விரலைத் தூக்கு. தூக்கினதை எழுது. முதல் பக்கம் உன்ரை."

நான் எழுதினேன். கட்டில் இலக்கம். பிறகு வரிசையாக: பத்து மணி, பார்க்கவில்லை. பதினொன்று, பார்க்கவில்லை. பன்னிரண்டு, நாடி மட்டும். ஒன்று, பார்க்கவில்லை. இரண்டு, பார்க்கவில்லை. மூன்று, பார்க்கவில்லை. நாலு, பார்த்தேன். கீழே என் கையெழுத்து.

அதைத்தான் கச்சான் அக்கா வியாழக்கிழமை பார்த்துச் சிரித்தார். வீட்டுக்குப் போகிற அன்று நானே அவருக்கு வாசித்துக் காட்டிய பக்கம் அது. "எவ்வளவு வடிவா எழுதியிருக்கீங்க, பரீட்சையில பெயிலான பேப்பர் மாதிரி" என்று அன்றும் சிரித்தவர். உங்களுக்கு மேலே ஒரு அண்ணன் இல்லையே என்று நினைத்தீர்களானால், அந்தப் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். நான் அங்கேதான் இருக்கிறேன்.

அன்று வீட்டுக்குப் போகும்போது தன் அண்ணனின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்று சொன்னார், "கச்சான் கிண்டுறப்ப வாங்க டொக்டர். வயலுக்குள்ள நடந்து காட்டுறேன்."

"கட்டாயம் வாறன் அக்கா."

ஆஸ்பத்திரியிலிருந்து தர்மபுரம் எவ்வளவு தூரம்? மோட்டார்சைக்கிளில் ஒரு பாட்டு இரண்டு பாட்டுக் கேட்கிற தூரம். அந்த முறை கச்சான் கிண்டும்போது எனக்குப் பரீட்சை. அடுத்த முறை விசாவுக்குக் கொழும்பில் நின்றேன். அதற்கடுத்த முறை இங்கே.

இங்கே சனம் நல்ல சனம். நேர்மையாக நம்பர் சொல்வார்கள். எட்டு என்றால் எட்டுத்தான். ஊசி போட்டால் நாலு, நன்றி சொல்வார்கள். எல்லாம் ஒழுங்கு. நான் இன்னும் ஒவ்வொருவரின் விரலையும் தூக்கிப் பார்க்கிறேன். ஏன் என்று என் கன்சல்டன்ட் ஒருநாள் கேட்டார். எங்கள் ஊர்ப் பழக்கம் என்றேன். என் மனம் நோகக்கூடாது என்று வலியைக் கூட்டிச் சொல்கிற ஒருவர் இந்த வார்டுக்கு வரமாட்டாரா என்று சில நாள் கட்டில் கட்டிலாகப் பார்த்துக்கொண்டு போவேன். மேடத்திடம் வாங்க வேண்டிய ஏச்சும் இன்னும் வாங்கவில்லை. நாளைக்கு ஏசுறன் என்றார். அந்த நாளைக்காகத்தான் திரும்பி வர வேண்டும் போல இருக்கிறது.

சாப்பாட்டு நேரம் முடிகிறது. மெசேஜ் போட்ட தம்பிக்கு ஒரு வேலை.

"பொய்க்கால் அம்மா" என்று எழுதியிருக்கிறாய். நடந்து வந்தாவா, ஊன்றுகோலோடு வந்தாவா என்று எழுதவில்லை. கொப்பியை வாங்கினா, பார்த்தா, சிரித்துக்கொண்டு போனா என்கிறாய். அப்படியென்றால் நடந்துதான் வந்திருக்கிறா. ஒருவர் தோளையும் பிடிக்காமல்தான் போயிருக்கிறா. உன் கண்ணில் பொய்க்கால் மட்டும்தான் பட்டிருக்கிறது. மற்றக் காலில் நீ பார்க்க ஒன்றும் இல்லாமல் இருந்திருக்கிறது. இதை நான் நேற்றிலிருந்து எத்தனை தரம் வாசித்தேன் என்று உனக்குத் தெரியாது.

அடுத்த முறை அவா வரும்போது கதிரையில் இருத்தி, வலது காலைத் தூக்கி உன் மடியில் வை. வலி எத்தனை என்று கேளாதே. பெருவிரலை மேலே தூக்கச் சொல்லு. தூக்கினாலும் சரி, தூக்காவிட்டாலும் சரி, அன்றைய திகதியைப் போட்டு முதல் பக்கத்தில், என் கையெழுத்துக்குக் கீழே எழுது. எழுதிவிட்டுப் படமெடுத்து அனுப்பு.